விலங்கு தந்த போர்வை

மனித உடலை முழுவதும் மூடி நிற்கும் பேருறுப்பு தோல். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்து அளந்தால் அது ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர்ப் பரப்பு இருக்கும். புலவர்க்கு அது மேனி, அழகின் உறைவிடம். மருத்துவர்க்கோ அது ஒரு மதில். உள்ளிருக்கும் நீர் வெளியே வழியாமலும், வெளியே திரியும் நுண்ணுயிர் உள்ளே புகாமலும் இரவு பகலாகக் காவல் புரியும் மதில் அது.

அம்மதில் ஓரிரு விரற்கடை அளவு இடிந்தால் உடல் தானே அதனைக் கட்டிக்கொள்ளும். பெரும்பரப்பில் இடிந்துவிட்டால் உடலால் இயலாது. நெருப்பில் சிக்கி மருத்துவமனைக்கு வருபவர் பலர் நெருப்பினாலேயே இறப்பதில்லை. நெருப்பு அணைந்து சில நாள் கழித்து, உடலின் நீர் வற்றியும், திறந்த புண் வழியே கிருமிகள் குருதியில் கலந்தும் இறக்கின்றனர். எரியாத இடத்திலிருந்து நோயாளியின் சொந்தத் தோலை மெல்லியதாகச் சீவி எடுத்துப் புண்மேல் ஒட்டுவதே இதற்குச் சிறந்த பரிகாரம். ஆயின், உடலின் முக்காற்பங்கும் எரிந்துபோனவரிடம் தோலுக்கு எங்கே போவது? கூரை முழுவதும் எரிந்த வீட்டுக்காரனிடமே ஓலை கடன் கேட்பது போன்றதன்றோ அது!

இந்த இக்கட்டில் மனிதன் திரும்பிப் பார்த்தது விலங்குகளை. விலங்கின் தோலையும் குடலையும் மனிதப் புண்ணுக்கு மருந்தாக்க முயன்ற வரலாறு மிக நீண்டது. அவ்வரலாறு முழுவதும் ஒரே வினாவைச் சுற்றி வருகிறது. பிறிதோர் உயிரின் ஊனை மனித உடல் ஏன் மறுக்கிறது? அவ்வாறு மறுக்கும் உடல், அந்த ஊனில் எதனை மட்டும் ஏற்றுக்கொள்கிறது? முதல் வினாவுக்கு விடை தெரியாதவரை எல்லா முயற்சிகளும் தோற்றன. அத்தோல்வியை நேர்மையாக ஆராய்ந்த பின்னரே இரண்டாம் வினாவுக்கு வழி திறந்தது.

எறும்பும் குடல் நரம்பும்

சுசுருத சங்கிதை என்னும் பழைய இந்திய அறுவை மருத்துவ நூலில் வியப்பூட்டும் முறையொன்று கூறப்பட்டுள்ளது. வயிறு கிழிந்து குடல் அறுபட்ட நிலையில், அறுந்த குடலின் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்துப் பெரிய கருநிற எறும்புகளைக் கடிக்கவிட வேண்டும். அவை கவ்விப் பிடித்தவுடன் உடலைக் கிள்ளி எறிந்து தலைகளை மட்டும் விட்டுவிட வேண்டும். பின்னர்க் குடலை உள்ளே வைத்து வயிற்றைத் தைக்க வேண்டும். எறும்பின் தலை அங்கே தையலாகப் பயன்பட்டது. உயிரினத்தின் உறுப்பொன்றை மனித உடலுக்குள்ளேயே விட்டுக் காயம் ஆற்றும் எண்ணம் எத்துணைப் பழமையானது என்பதற்கு இது சான்று.

மேலைநாட்டில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன், பெர்கமம் நகரில் வாட்போர் வீரர்களுக்கு மருத்துவராக இருந்தவர். வெட்டுக்காயங்களைத் தைப்பதற்கும் குருதிக்குழாய்களைக் கட்டுவதற்கும் பட்டு நூலையும் விலங்கின் குடலிலிருந்து முறுக்கிய நூலையும் அவர் கூறியுள்ளார். யாழ் முதலிய இசைக்கருவிகளின் தந்தியைத் தமிழர் நரம்பு என்றே வழங்கினர். இசைக்கருவியில் கட்டிய அத்தகைய குடல் நரம்பே மருத்துவனின் ஊசியிலும் ஏறியது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் நாட்டுக் கார்தோபாவில் வாழ்ந்த அரபு மருத்துவர் அல்-ஸஹ்ராவியும் குடல் நூலைப் பயன்படுத்தியவரே. ஆங்கிலப் பெயரைக் கொண்டு இது பூனைக்குடல் என்று எண்ணுவோர் உளர். உண்மையில் அது பெரும்பாலும் செம்மறியாட்டின் குடலிலிருந்து எடுக்கப்படுவது.

இக்குடல் நூலைப் பற்றிய முறையான ஆராய்ச்சியை நிகழ்த்தியவர் ஜோசப் லிஸ்டர். கிருமிநீக்க அறுவை முறையின் தந்தை எனப் போற்றப்படும் அவர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய காலம் அது. 1868ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு கன்றுக்குட்டியின் கழுத்துக் குருதிக்குழாயைக் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்த குடல் நூலாலும், மாட்டின் வயிற்று உட்படலத்திலிருந்து எடுத்த நூலாலும் அவர் கட்டினார். ஒரு மாதம் கழித்துக் கன்றைக் கொன்று கழுத்தை அறுத்துப் பார்த்தபோது, கட்டிய நூல் அழுகியும் போகவில்லை. கட்டியபடியே இருக்கவும் இல்லை. அது இருந்த இடத்தில் கன்றின் சொந்த உயிர்த்திசு வளையம் போல வளர்ந்திருந்தது. பழைய நூலின் வழியைப் பற்றிக்கொண்டு உடல் தன் புதுத்திசுவை நெய்துவிட்டது. 1869இல் லிஸ்டர் இதனை வெளியிட்டார்.

மருத்துவ உலகம் அக்கட்டுரையிலிருந்து குடல் நூலை எடுத்துக்கொண்டது. அதனுள் மறைந்திருந்த பெரிய உண்மையை எடுத்துக்கொள்ள நூறாண்டுக்கும் மேலாயிற்று.

தவளைத் தோலும் பொய்த்த நம்பிக்கையும்

தோல் ஒட்டும் கலையின் வரலாறு வேறொரு பாதையில் சென்றது. இத்தாலி நாட்டு மருத்துவர் ஜூசெப்பே பரோனியோ 1804இல் வெளியிட்ட நூலில், செம்மறியாட்டின் உடலில் ஓரிடத்துத் தோலைக் கழற்றி அதே ஆட்டின் மற்றோரிடத்தில் ஒட்டி உயிர்ப்பித்ததை விளக்கினார். 1869ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் மருத்துவமனையொன்றில் பயிற்சி மருத்துவராக இருந்த சுவிட்சர்லாந்து இளைஞர் ஷாக்-லூயி ரெவர்டின், நோயாளியின் சொந்தத் தோலிலிருந்து சிறுசிறு துண்டுகளைக் கிள்ளியெடுத்து ஆறாத புண்மேல் வைத்தார். அத்துண்டுகள் கடல் நடுவே தீவுகள்போல் வேரூன்றி, விரிந்து, ஒன்றோடொன்று கூடிப் புண்ணை மூடின. லிஸ்டர் குடல் நூலைப் பற்றி எழுதிய அதே ஆண்டில் இது நிகழ்ந்தது.

ரெவர்டினின் முறை ஐரோப்பா எங்கும் பரவியது. சொந்தத் தோல் ஒட்டுமாயின் பிற உயிரின் தோலும் ஒட்டாதா என்னும் ஆசை உடன் எழுந்தது. ஆடு, முயல், நாய், பூனை, எலி, கோழி, புறா என எட்டிய விலங்கையெல்லாம் மருத்துவர்கள் நாடினர். ஒட்டிய தோல் சாகாமல் இருக்க வேண்டுமென்று, விலங்கின் உடலிலிருந்து தோலை முழுவதும் அறுக்காமல் ஒரு முனையை விட்டுவைத்து, அவ்விலங்கையே நோயாளியின் உடலோடு பல நாள் சேர்த்துக் கட்டிவைத்த கொடுமையும் நிகழ்ந்தது. இவை எல்லாவற்றினும் மருத்துவர்கள் மிகுதியாக விரும்பியது தவளைத் தோலையே. மயிர் இல்லாத, மெல்லிய, ஈரமான அத்தோலுக்காகத் தவளைகள் உயிரோடு உரிக்கப்பட்டன.

இம்முயற்சிகளுட் பல வெற்றி பெற்றன என்று அக்கால மருத்துவ ஏடுகள் எழுதின. எழுதியோர் பொய்யர் அல்லர். அவர்கள் கண்டதைத்தான் எழுதினர். ஆனால் கண்டதன் பொருளைத் தவறாக உணர்ந்தனர். தவளைத் தோல் புண்மேல் சில நாள் பற்றிக்கொண்டிருக்கும். அந்நாள்களில் புண் ஈரம் காக்கப்பட்டுத் தூய்மையாகும். இதற்கிடையில் புண்ணின் விளிம்பிலிருந்து நோயாளியின் சொந்தத் தோல் மெல்ல ஊர்ந்து வந்து மூடும். தவளைத் தோல் உலர்ந்து உதிர, அடியில் புதுத்தோல் தோன்றும். மருத்துவரோ தவளைத் தோலே மனிதத் தோலாக மாறிற்று என மகிழ்ந்தார். நோயாளி பிழைத்ததும் உண்மை, தவளைத் தோல் உதவியதும் உண்மை. ஆனால் அது ஒட்டியது என்பது மட்டும் உண்மை அன்று. பெரும்புண் உடையவர்களிடம் இம்முறை தோற்றபோது, தையல் சரியில்லை, தோலின் தரம் சரியில்லை என்று வேறு காரணங்கள் தேடப்பட்டன.

மறுப்பின் இலக்கணம்

இந்த மயக்கத்தைத் தெளிவித்தவர் பீட்டர் மெடவார். ஆக்ஸ்போர்டில் விலங்கியல் பயின்ற அவருக்கு இரண்டாம் உலகப் போர் ஒரு வினாவைக் கொண்டுவந்து தந்தது. 1940இல் அவர் வீட்டுக்கு அருகே போர்விமானம் ஒன்று விழுந்து எரிந்தது. கடுந்தீப்புண்ணுடன் கிடந்த விமானியைக் காக்க வழி காணுமாறு மருத்துவர்கள் அவரை நாடினர். பிறர் தோல் ஏன் ஒட்டுவதில்லை என்னும் கேள்வி அன்று முதல் அவர் வாழ்வின் பணியாயிற்று.

லிஸ்டர் முன்னர்ப் பணிபுரிந்த கிளாஸ்கோ அரச மருத்துவமனைக்கே மெடவார் சென்றார். அங்கே அறுவை மருத்துவர் தாமஸ் கிப்சனுடன் சேர்ந்து, தீப்புண்ணுற்ற பெண் ஒருவருக்கு அவருடைய உடன்பிறந்தவரின் தோலைச் சிறு துண்டுகளாக ஒட்டினார். அவை சிலநாள் உயிரோடிருந்து பின் அழிந்தன. அதே ஆளின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது முன்னைவிட விரைவாக அவை அழிந்தன.

இந்த விரைவில்தான் விடை இருந்தது. தையல் பிழையாகவோ தோலின் குறையாகவோ இருந்தால் இரு முறையும் ஒரே வேகத்தில் அழிந்திருக்க வேண்டும். இரண்டாம் முறை விரைந்து அழித்தது என்றால், உடல் முதல் முறை கண்டதை நினைவில் வைத்திருக்கிறது என்பதே பொருள். அம்மை ஒரு முறை வந்தவர்க்கு மறுமுறை வாராமல் காக்கும் அதே எதிர்ப்பாற்றலே அயலார் தோலையும் பகையாகக் கருதி அழிக்கிறது. கிப்சனும் மெடவாரும் இதனை 1943இல் வெளியிட்டனர். பின்னர் முயல்களில் நிகழ்த்திய ஆய்வுகள் இதனை உறுதி செய்தன. 1960ஆம் ஆண்டு மெடவாரும் ஆஸ்திரேலிய அறிஞர் மக்ஃபார்லேன் பர்னட்டும் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

உடன்பிறந்தார் தோலுக்கே இக்கதி என்றால் விலங்கின் தோலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1984இல் ஊரி கலிலி என்னும் ஆய்வாளர் இதற்கு மேலும் ஒரு காரணத்தைக் கண்டறிந்தார். பன்றி, மாடு முதலிய பாலூட்டிகளின் உயிரணுக்கள்மேல் ஆல்ஃபா-கால் எனப்படும் சர்க்கரை வகை ஒன்று உள்ளது. மனிதரிடத்தில் அது இல்லை. அதனை எதிர்க்கும் பொருள் மனிதக் குருதியில் எப்போதும் நிறைந்திருக்கிறது. ஆகவே இவ்விலங்குகளின் உயிரணு மனித உடலுக்குள் நுழையும்போது, பகைவன் வருமுன்பே வாயிற்காவலன் வாளுடன் நிற்கிறான்.

ஒட்ட வேண்டா, மூடினாற் போதும்

மறுப்பின் காரணம் தெரிந்ததும் விலங்குத் தோலைக் கைவிட்டிருக்க வேண்டும் என்றே தோன்றும். நடந்தது அதற்கு மாறானது. விலங்குத் தோல் நிலைத்து ஒட்டாது என்பது உறுதியானதும், அதனிடம் எதனை எதிர்பார்க்கலாம் என்பதும் தெளிவாயிற்று. நிலையான தோலாக வேண்டா. சில நாள் போர்வையாக இருந்தாற் போதும்.

1965ஆம் ஆண்டில் புரோம்பர்க், சாங், மோன் என்னும் அமெரிக்க மருத்துவர் மூவர், பன்றித் தோலைத் தற்காலிக உயிர்ப்போர்வையாகப் பயன்படுத்தியதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். பன்றித் தோல் கட்டமைப்பில் மனிதத் தோலை ஒத்தது. புண்மேல் விரித்தவுடன், புண்ணிலிருந்து ஊறும் ஃபைப்ரின் என்னும் பசைப்பொருளால் அது பற்றிக்கொள்கிறது. நீர் வற்றுவது குறைகிறது. திறந்த நரம்பு முனைகள் மூடப்படுவதால் வலி தணிகிறது. கிருமிகளின் பெருக்கமும் அடங்குகிறது. உடல் அதனை எதிர்க்கத் தொடங்குமுன் எடுத்துவிட்டு வேறொன்றை மாற்றலாம். நோயாளி உடல் தேறி, எரியாத இடத்திலிருந்து சொந்தத் தோலைச் சிறிது சிறிதாக எடுக்கும் வரை நாள்களை வாங்கித் தருவதே அதன் பணி. தீப்புண் மருத்துவத்தில் சில நாள் என்பது சில நேரங்களில் ஓர் உயிர்.

தவளைத் தோலால் நூறாண்டுக்கு முன் கிடைத்த நன்மையும் இதுவே. மருந்து புதிதன்று, அதனைப் பற்றிய அறிவே புதிது. அறியாமல் செய்தபோது வாய்த்த நன்மை, அறிந்து செய்தபோது முறையாயிற்று.

உயிரணுவை நீக்கிய சாரம்

அடுத்த படி இன்னும் துணிவானது. விலங்குத் தோலில் உடல் வெறுப்பது அதன் உயிரணுக்களை என்றால், அவ்வுயிரணுக்களை நீக்கிவிட்டால் என்ன? தோல் உயிரணுக்களால் மட்டும் ஆனதன்று. அவற்றைத் தாங்கி நிற்கும் நார்ப்பின்னல் ஒன்று உண்டு. கொலாஜன் என்னும் புரதமே அப்பின்னலின் பாவும் ஊடும். உயிரணுக்களின் அடையாளம் இனத்துக்கு இனம் மாறினாலும், கொலாஜனின் அமைப்பு ஆட்டிலும் மாட்டிலும் மனிதரிலும் பெரிதும் ஒத்திருக்கிறது. எனவே உடல் அதனைப் பகையாகக் கருதுவது குறைவு.

இவ்வெண்ணத்தைச் செயலாக்கியவருள் முன்னவர் இருவர். ஒருவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஐயோனிஸ் யானஸ். மற்றவர் பாஸ்டன் நகரத் தீப்புண் மருத்துவர் ஜான் பர்க். மாட்டின் கொலாஜனையும் சுறாமீனின் குருத்தெலும்பிலிருந்து பெற்ற சர்க்கரைச் சேர்மம் ஒன்றையும் கலந்து, நுண்துளைகள் நிறைந்த கடற்பஞ்சு போன்ற படலத்தை அவர்கள் உருவாக்கினர். அதன்மேல் நீர் ஆவியாகாமல் காக்க மெல்லிய சிலிக்கோன் தகடு ஒன்றைப் பொருத்தினர். கடுந்தீப்புண்ணுற்ற பத்து நோயாளிகளுக்கு இதனைப் பயன்படுத்திய செய்தியை 1981இல் வெளியிட்டனர்.

அப்படலத்தைப் புண்மேல் விரித்ததும் அதன் துளைகளுக்குள் நோயாளியின் சொந்த உயிரணுக்களும் நுண்குருதிக்குழாய்களும் நுழைகின்றன. நுழைந்தவை தமக்கு வேண்டிய கொலாஜனைத் தாமே நெய்கின்றன. அதே வேளையில் மாட்டுக் கொலாஜன் மெல்லக் கரைந்துபோகிறது. சில வாரங்களில் அடித்தோல் உருவானதும் சிலிக்கோன் தகட்டை நீக்கி, மிக மெல்லிய சொந்தத் தோலை மேலே ஒட்டுகின்றனர். கொத்தனார் கட்டடம் எழுப்பச் சாரம் கட்டுகிறார். சுவர் நின்றதும் சாரத்தை அவிழ்க்கிறார். இங்கே சாரம் தானே அவிழ்ந்துகொள்கிறது. இம்முறை 1996இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஒப்புதல் பெற்றது.

அமெரிக்கப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பாடிலாக் கண்டது மற்றொரு வழி. 1987இல் அவர் நாயொன்றின் பெருங்குருதிக்குழாயின் ஒரு பகுதியை அகற்றி, அங்கே சிறுகுடலைப் பொருத்தினார். அந்நாய் பிழைத்தது வியப்பு. பின்னர் இத்தகைய ஒட்டுகளை ஆராய்ந்தபோது அங்கே குடலின் அடையாளம் மறைந்து குருதிக்குழாயின் திசு வளர்ந்திருந்தது அதனினும் வியப்பு. தொடர்ந்த ஆய்வில், பன்றிச் சிறுகுடலின் உட்புற, வெளிப்புற அடுக்குகளைச் சுரண்டி நீக்கியபின் எஞ்சும் மெல்லிய நடுப்படலமே இதற்குப் போதும் என்பது விளங்கியது. அப்படலம் காயங்களுக்குப் போர்வையாயிற்று. கால் நாளக் கோளாற்றால் நெடுநாள் ஆறாத புண்ணுடைய 120 பேரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், இறுக்கக் கட்டோடு இப்படலமும் பெற்றவருள் நூற்றுக்கு 55 பேருக்குப் பன்னிரண்டு வாரங்களில் புண் ஆறியது. இறுக்கக் கட்டு மட்டும் பெற்றவருள் ஆறியது நூற்றுக்கு 34 பேருக்கே.

கன்றுக்குட்டியின் கழுத்தில் 1868இல் லிஸ்டர் கண்டதும் இதுவே. ஆட்டின் குடல் மறைந்தது. கன்றின் திசு நின்றது. விலங்கு தருவது உறுப்பை அன்று. உறுப்பைக் கட்டிக்கொள்ளும் வழியையே.

இங்கே தோல் பதனிடும் தொழிலையும் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். தோலைப் பதனிடுவோர் கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று இறுகப் பிணித்து அழுகாமல் செய்கின்றனர். மருத்துவப் படலங்களையும் அவ்வாறு குளூட்டரால்டிகைடு முதலியவற்றால் இறுக்கலாம். மிகுதியாக இறுக்கினால் உடல் அதனைக் கரைக்க இயலாமல் உறையிட்டு ஒதுக்கிவைக்கும். இறுக்காமல் விட்டால் தேவைக்கு முன்பே கரைந்துவிடும். இதயத் தடுக்கிதழுக்கு நெடுநாள் உழைக்கும் உறுதி வேண்டும். புண்ணுக்கு நாளடைவில் கரையும் மென்மை வேண்டும். பதனிடும் கலையும் புண்ணாற்றும் கலையும் ஒரே நாரைப் பற்றியவை. 1948இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் காலணித் தோலோடு நில்லாமல், காயப்போர்வைக்கான கொலாஜன் ஆய்விலும் ஈடுபட்டதற்கு இவ்வுறவே காரணம். திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் பன்றியின் பித்தப்பையிலிருந்து உருவாக்கப்பட்ட காயப்படலம் 2023இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒப்புதல் பெற்றது.

நீர் தந்த தோல்

பன்றியும் மாடும் தந்தவற்றோடு அச்சமும் வந்தது. 1986இல் பிரிட்டனில் மாடுகளிடையே கண்டறியப்பட்ட மூளைச்சிதைவு நோய், மனிதரையும் தாக்கக்கூடும் என்று 1996இல் அறிவிக்கப்பட்டது. அதன்பின் மாட்டுக் கொலாஜன் நோயற்ற மந்தைகளிலிருந்து மட்டும் பெறப்பட வேண்டும் என்னும் கட்டுப்பாடு வலுத்தது. பழம்பெருமை வாய்ந்த குடல் நூலும் 2001இல் பிரிட்டனில் கைவிடப்பட்டது. விலங்கின் நோய் மனிதனுக்குத் தாவும் என்பதனை மலேசிய மக்களுக்கு எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. 1998-99இல் பன்றிப் பண்ணைகளிலிருந்து பரவிய நிப்பா கிருமி அந்நாட்டில் 105 பேரின் உயிரைக் கொண்டது. மருத்துவப் படலத்தால் வந்த கேடன்று அது. எனினும், விலங்கிலிருந்து எடுப்பதை எத்துணைத் தூய்மையாக்க வேண்டும் என்பதற்கு அஃது ஓர் எச்சரிக்கை.

இவ்வச்சத்தினிடையே ஆய்வாளர் கண்கள் மீன்பக்கம் திரும்பின. பிரேசில் நாட்டின் ஃபோர்த்தலேசா நகரில் தீப்புண் மருத்துவர்கள், திலாப்பியா மீனின் தோலைத் தூய்மை செய்து, கிளிசராலில் பதப்படுத்தி, கதிர்வீச்சால் கிருமி நீக்கிப் புண்மேல் விரித்தனர். மனிதத் தோல் வங்கிகள் மிகக் குறைவான அந்நாட்டில், சந்தையில் மலிந்து கிடக்கும் மீனின் வீணாகும் தோல் மருந்தாயிற்று. நாள்தோறும் களிம்பை மாற்றும்போது நோயாளி படும் வேதனையையும் அது குறைத்தது. 2017 டிசம்பரில் கலிபோர்னியாவில் மூண்ட காட்டுத்தீயில் பாதங்கள் வெந்த இரு கரடிகளுக்கும் ஒரு மலைச்சிங்கக் குட்டிக்கும் கால்நடை மருத்துவர்கள் திலாப்பியாத் தோலைக் கட்டினர். விலங்கின் தோல் விலங்கின் புண்ணையும் ஆற்றிய நிகழ்ச்சி அது.

ஐஸ்லாந்து நாட்டில் குளிர்கடல் காட் மீனின் தோலிலிருந்து உயிரணுவை நீக்கிய படலம் உருவாக்கப்பட்டது. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2013இல் அதனை ஏற்றது. மீனின் நோய்க்கிருமிகள் மனிதருக்குத் தாவும் வாய்ப்பு மிகக் குறைவாதலின், கடுமையான வேதிப்பொருள்களால் அதனைத் துவைக்க வேண்டியதில்லை. எனவே அதன் இயல்பான நுண்துளைகளும் கொழுப்புச் சத்தும் பெரிதும் காக்கப்படுகின்றன. 81 தன்னார்வலர்களிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஒப்பாய்வில், பன்றிக்குடற் படலத்தைவிட மீன்தோல் இட்ட சிறு காயங்கள் விரைவில் ஆறின.

மலேசியாவில் ஹாருவான் எனப்படும் விரால் மீனை அறுவைக்குப் பின்னும் மகப்பேற்றுக்குப் பின்னும் உண்டு உடல் தேற்றுவது நெடுநாள் வழக்கம். அது உணவு வழி வந்த நம்பிக்கை. தோலைப் புண்மேல் இடுவது வேறு துறை. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிச் சந்தை மீனின் தோலை வீட்டில் புண்மேல் இடுவது கிருமியை விருந்துக்கு அழைப்பதாகும். ஆயினும் வீணாகும் மீனிலிருந்து மருந்து காணும் ஆர்வம் இவ்வட்டாரத்து ஆய்வுக்கூடங்களிலும் உண்டு. 2021இல் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உணவுக்குப் பின் எறியப்படும் தவளைத் தோலின் கொலாஜனையும் மீன் செதிலின் கனிமச் சத்தையும் சேர்த்து, எலும்பு வளர்வதற்கான சாரம் ஒன்றை உருவாக்கிக் காட்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயிரோடு உரிக்கப்பட்ட தவளை, இப்போது உண்டபின் எஞ்சிய தோலாக மருத்துவத்துக்குள் மீண்டும் வருகிறது.

மனச்சான்றும் மருந்தும்

விலங்குத் திசு வெறும் பொருளன்று. அதனோடு சமயமும் மனச்சான்றும் பிணைந்துள்ளன. பன்றியை விலக்கும் இசுலாமியரும் யூதரும், பசுவைப் போற்றும் இந்துக்களும், எவ்வுயிரின் ஊனையும் ஏற்காத சமணரும் ஒரே மருத்துவமனையின் படுக்கைகளில் அடுத்தடுத்துக் கிடக்கக்கூடும். உயிருக்கு இக்கட்டு நேர்ந்து வேறு வழி இல்லாதபோது விலக்கப்பட்டதும் ஏற்கத்தக்கதாகும் என்பது இசுலாமியச் சட்ட நெறிகளுள் ஒன்று. பிற சமயத்தாரும் உயிர்காத்தலை முன்வைத்து ஆராய்வதுண்டு. எனினும் முடிவு செய்ய வேண்டியவர் நோயாளியே. தம் உடல்மேல் இடப்படுவது எவ்விலங்கிலிருந்து வந்தது என்று அறிந்து, ஏற்கவோ மறுக்கவோ அவருக்கு உரிமை உண்டு. சொல்லாமல் இடுவது புண்ணை ஆற்றினாலும் மனத்தில் வேறொரு புண்ணை உண்டாக்கிவிடும். பல சமயத்தார் கலந்து வாழும் மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் மீன்தோல் தனி மதிப்புப் பெறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இத்துணை முன்னேற்றத்துக்குப் பின்னும் விலங்குத் திசுவுக்கு எல்லை உண்டு. அது துணைநின்று எழுப்பும் தோலில் மயிர்க்கால் இல்லை. வியர்வைச் சுரப்பி இல்லை. பெருந்தீப்புண்ணில் இறுதியாக மூட வேண்டியது நோயாளியின் சொந்தத் தோலே. நீரிழிவுப் புண்ணில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமலும், நாளப் புண்ணில் காலை இறுக்கிக் கட்டாமலும், எந்தப் படலத்தை இட்டும் பயன் சிறிதே. போர்வை புண்ணை மூடும். புண்ணின் காரணத்தை மூடாது.

எறும்பின் தலை முதல் காட் மீனின் தோல் வரை நீளும் இவ்வரலாற்றில் திருப்புமுனை ஒரு வெற்றியால் வந்ததன்று. தவளைத் தோல் ஒட்டிவிட்டது என்று பல மருத்துவர் மகிழ்ந்த காலத்தில் அறிவு ஓரடியும் நகரவில்லை. ஒட்டவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஏன் ஒட்டவில்லை என்று கேட்ட பின்னரே அது நடக்கத் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வாராதபோது ஏட்டைத் திருத்தி எழுதும் மாணவர் ஒருபுறம்; வாராத விடையையே வினாவாக்கும் மாணவர் மறுபுறம். இவ்விருவருள் எவர் வழியில் உலகம் நலம் பெற்றது என்பதற்குத் தீப்புண்ணிலிருந்து மீண்டு நடமாடும் எண்ணற்றோர் சான்றாக நிற்கின்றனர். அவர்களுடைய புதுத்தோலுக்கு அடியில் ஒரு விலங்கு விரித்துக் கொடுத்த போர்வை, தன் பணி முடிந்து, சுவடின்றிக் கரைந்துபோயிருக்கிறது.